டிக்கெட் எடுக்கும் முன் அவனைக் கேளுங்கள்

படைவீட்டுக் கேள்வி பதில்
இந்த இதழில்: வெளிநாட்டில் பணியில் இருப்பவரைப் பார்க்கப் போவது
பதில் சொல்பவர்: வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் மனைவி

போன இதழில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைவிட, கடைசியில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் அதிகம். என் மகனைப் பார்க்க ஜெர்மனி போய் வந்தேன் என்ற வரி அது. எத்தனை வீட்டுப் பிள்ளைகள் எத்தனை நாட்டுச் சீருடையில் இருக்கிறார்கள் என்று அந்தக் கடிதங்களைப் படித்தபோதுதான் தெரிந்தது. என் கணவர் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர், 1993இல் ஐ.நா. படையோடு சோமாலியாவுக்குப் போனார். மகன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவன், படித்து முடித்ததும் அந்த நாட்டு ராணுவத்தில் மருத்துவ உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். அப்போது அங்கே தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்க்கும் திட்டம் ஒன்று இருந்தது. 2009இல் தொடங்கி 2016இல் நிறுத்தப்பட்ட அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அம்மாவோடு சண்டை போடக் கற்ற தமிழ் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. இரண்டு ராணுவங்களின் வாசலிலும் காத்து நின்றவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

கேள்வி: என் மகன் ராணுவத்தில் நாயக். ஐ.நா. அமைதிப் படையில் லெபனான் போயிருக்கிறான். போனில் நன்றாகத்தான் பேசுகிறான், ஆனால் டி.வி.யைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். முகாமுக்குள் விடாவிட்டாலும், பக்கத்து ஊரில் தங்கி ஒரு வாரம் அவனைப் பார்த்துவிட்டு வர முடியுமா?
ஒரு தாய், அணைக்கட்டு

முடியாது அம்மா. பூசி மெழுகிச் சொன்னால் நீங்கள் ஏஜென்ட் யாரிடமாவது பணத்தைக் கொடுத்துவிடுவீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். ஐ.நா. படையில் யூனிட்டோடு போகிற சிப்பாய்களுக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. லெபனானில் அந்த அமைதிப் படை 1978இல் அமைக்கப்பட்டது. நம் பட்டாலியன் 1998 முதல் அங்கே இருக்கிறது. இஸ்ரேலுக்கும் லெபனானுக்கும் இடையே சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐ.நா. குறித்த நீலக் கோட்டை ஒட்டிய மலைப்பகுதி அது. வெளிநாட்டவர் அந்தத் தெற்குப் பகுதிக்குள் போக வேண்டுமானால் சைதா நகரில் லெபனான் ராணுவத்திடம் அனுமதி வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் ஐ.நா. நிலைகள் மீதே குண்டு விழுந்து பல நாட்டு வீரர்கள் காயமடைந்தார்கள். அந்த ஊரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, காலையில் எழுந்து மகனைப் பார்க்கப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்ற நினைப்பே அவன் கவனத்தைப் பாதியாக்கிவிடும்.

அந்தப் படையின் பணியை 2026 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடித்துக்கொள்வதென்று பாதுகாப்பு சபை 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது. அதற்குப் பின் ஓராண்டுக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும். இதைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் என்ன பேசுவது? 'சாப்பிட்டாயா, குண்டு சத்தம் கேட்கிறதா' என்று இரண்டையே மாற்றி மாற்றிக் கேட்டால் அவன் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லி போனை வைத்துவிடுவான். நம் பட்டாலியனில் கால்நடை மருத்துவர்களும் உண்டு. அந்தக் கிராமத்து ஆடு மாடுகளுக்கு அவர்கள் வைத்தியம் பார்ப்பதற்கு அங்கே நல்ல பெயர். அணைக்கட்டுப் பக்கம் ஆடு வளர்க்காத வீடு குறைவு. 'அந்த ஊர் ஆடு எப்படி இருக்கிறது, நம் ஆட்டைவிட உயரமா' என்று கேட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் பேசுவான். சோமாலியாவிலிருந்து என் கணவர் எழுதிய கடிதங்களில் போர் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஒட்டகத்தின் குணம் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தக் கடிதங்களைத்தான் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறோம்.

அவன் லீவில் வரும்போது தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். இல்லை, ஒன்றும் செய்யாமல் இருங்கள். புதுமனை புகுவிழா, அக்காள் மகளுக்குக் காதுகுத்து, பத்திர ஆபீஸ், பெண் பார்ப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கல் என்று எல்லாவற்றையும் அந்த லீவுக்குள் திணிக்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. பிள்ளை வந்தான், பந்தலில் நின்றான், போனான். முதல் மூன்று நாட்கள் அவனைத் தூங்க விடுங்கள்.

கேள்வி: எங்கள் ஒரே மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அந்த நாட்டு ராணுவத்தில் இருக்கிறான். இப்போது ஜெர்மனியில் வில்செக் என்ற ஊரில். ஜூனில் அவன் பிறந்தநாள். சொல்லாமல் போய் நின்று அவனை ஆச்சரியப்படுத்த நினைக்கிறோம். முகாமிலேயே தங்கலாமா? ராணுவ விமானத்தில் பெற்றோருக்கு இலவசம் என்கிறார்களே, உண்மையா? என்னென்ன கொண்டு போகலாம்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொள்கிறேன். முதலில் அந்த ஆச்சரியத்தைக் கைவிடுங்கள். வில்செக்கில் இருக்கும் ரெஜிமென்டின் வீரர்கள் போலந்து வரைக்கும் பணிக்குப் போகிறவர்கள். பக்கத்திலேயே கிராஃபன்வோர் என்ற பெரிய பயிற்சிக் களமும் இருக்கிறது. பயிற்சி தொடங்கிவிட்டால் பையன் நாலு தெரு தள்ளி இருந்தாலும் உங்களுக்குக் கிடைக்க மாட்டான். நீங்கள் கேக்கோடு வாசலில் நிற்பீர்கள், அவன் காட்டுக்குள் கூடாரத்தில் இருப்பான். அவனிடம் பேசுங்கள். 'எப்போது வரட்டும்' என்று கேட்காதீர்கள்; 'எந்த வாரம் வந்தால் உனக்குத் தொந்தரவில்லை' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் 'எப்ப வேணும்னாலும் வாங்க' என்றுதான் சொல்லும்.

அமெரிக்க வீரனுக்கு மாதத்துக்கு இரண்டரை நாள், ஆண்டுக்கு 30 நாள் லீவு சேரும். கோடையிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் யூனிட்டே மொத்தமாக லீவு விடும் வழக்கம் உண்டு. அமெரிக்க அரசு விடுமுறை நாட்களை ஒட்டிப் பல யூனிட்டுகளில் நான்கு நாள் ஓய்வு கிடைக்கும். பயணத்தை அதில் பொருத்துங்கள். தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், விலை கூடத்தான் இருக்கும். ராணுவத்தில் தேதி மாறாமல் இருந்தால்தான் அதிசயம். பயணத் தேதியையும் அவன் யூனிட் எங்கே போகிறது என்பதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உங்கள் சம்பந்தி வீட்டு மாமா நல்லவர்தான், ஆனால் அவர் அதை எங்கெல்லாம் அனுப்புவார் என்று அவருக்கே தெரியாது.

விமானம் பற்றி: இடம் காலியாக இருந்தால் ராணுவ விமானத்தில் ஏற்றிக்கொள்ளும் சலுகை ஒன்று அமெரிக்கப் படையில் இருப்பது உண்மை. அது வீரனுக்கும், அடையாள அட்டை உள்ள மனைவி மக்களுக்கும் உரியது. அவனைச் சார்ந்தவர்கள் என்று முறையாகப் பதிவாகாத பெற்றோருக்கு அதில் இடமில்லை. ஈரோட்டிலிருந்து கிளம்புகிற நமக்கு அந்த விமானம் எப்படியும் வழியில் வரப்போவதில்லை. சென்னையிலோ கோவையிலோ எல்லாரையும் போல ஏறுங்கள்.

விசா நீங்களே எடுக்க வேண்டும். மகன் அமெரிக்கச் சிப்பாய் என்பதால் ஜெர்மனி உங்களுக்கு வாசலைத் தானாகத் திறந்துவிடாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அது: எந்த 180 நாளிலும் 90 நாள் வரைதான் தங்க முடியும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முன்னால் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, அதனால் சீக்கிரம் தொடங்குங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பென்ஷன் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாம் கொடுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. மகனின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். நம் ஊர் முதலெழுத்துகள் வெளிநாட்டு அதிகாரியைப் படுத்தும் பாடு சொல்லி முடியாது. மகன் அழைப்புக் கடிதமும் தன் பாஸ்போர்ட் நகலும் அனுப்பட்டும். ராணுவ அடையாள அட்டையை நகலெடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். தேவையில்லாமல் அதை நகலெடுப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.

தங்குமிடம்: கல்யாணமாகாத பையன்கள் பாரக்ஸில் இருப்பார்கள். அங்கே அப்பா அம்மாவைப் படுக்கவைக்க முடியாது. முகாமுக்குள் ராணுவம் நடத்தும் விடுதி இருந்தால் அவன் பெயரில் அறை கிடைக்குமா என்று அவனே கேட்கட்டும். என்னைக் கேட்டால், ஊருக்குள் அடுப்படியோடு கூடிய ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுங்கள் என்பேன். நாங்கள் அப்படித்தான் இருந்தோம். பகலில் மகன் வேலைக்குப் போய்விடுவான். காலை ஆறரைக்கு உடற்பயிற்சிக்கு நிற்க வேண்டும் என்றால் எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாலையில் வருவான். அவன் வரும்போது ரசம் கொதிக்கிற வாசனை வர வேண்டும். விடுதி அறையில் அது நடக்காது. ஒரு நாள் அவனுடைய சிநேகிதர்கள் நாலு பேர் வந்தார்கள். டெக்ஸாஸ்காரப் பையன் ஒருவன் எலுமிச்சை ஊறுகாயை ஜாம் போல ரொட்டியில் தடவிக்கொண்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து என் கணவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு.

முகாமுக்குள் போவதற்கு மகன் வாசல் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு உங்களைத் தன் பொறுப்பில் அழைத்துப் போக வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இந்தியப் பாஸ்போர்ட் என்பதால் முன்கூட்டியே அனுமதி தேவையா என்று கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே அவனை விசாரிக்கச் சொல்லுங்கள். கேட்டையும் காவலர்களையும் போட்டோ எடுக்காதீர்கள். மாலை 5 மணிக்குக் கொடி இறக்கும் இசை ஒலிக்கும். கார்கள் நின்றுவிடும், நடப்பவர்கள் கொடியின் பக்கம் திரும்பி நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். என் கணவர் யாரும் சொல்லாமலே விறைத்து நின்றுவிட்டார், ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆன பிறகும்.

சாப்பாட்டுச் சாமான்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய், பால்கோவா, மைசூர்பாகு வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, எண்ணெயில் செய்த முறுக்கு, புளிக்காய்ச்சல் எல்லாம் போகும். புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காதீர்கள், பாதுகாப்புச் சோதனையில் அது திரவம். துபாய் வழியாகப் போவதானால் பெட்டியில் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு. குருமாவுக்காகச் சிறைக்குப் போக வேண்டாம்.

கோயிலுக்குப் போக ஆசை இருந்தால், ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தைப் பார்த்தால் காஞ்சிபுரம் பக்கம் வந்துவிட்டோமோ என்றிருக்கும். வில்செக்கிலிருந்து அது நாட்டின் இன்னொரு கோடி. லீவில் இருக்கிறான் என்றால் சேர்ந்து போங்கள்; இல்லாவிட்டால் அவன் ஓய்வு நாளைக் கார் ஓட்டியே தீர்க்கச் செய்யாதீர்கள். நீங்கள் இரண்டு பேரும் ரயிலில் போய் வரலாம்.

கேள்வி: என் கணவர் பூட்டானில் டண்டக் என்ற நம் எல்லைச் சாலை அமைப்பின் திட்டத்தில் சாலைப் பணியில் இருக்கிறார். மே விடுமுறையில் நானும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் போகலாம் என்றிருக்கிறோம். மாமியாருக்கு இரத்த அழுத்தம். ஆதார் போதுமா?
இல்லத்தரசி, போடிநாயக்கனூர்

ஆதார் போதாது தங்கச்சி, இதை முதலில் மனதில் வையுங்கள். பூட்டானுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் எல்லையில் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை காட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு பூட்டானின் எல்லை ஊரான பூன்ட்சோலிங் வாசலில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. மாமியாரின் வாக்காளர் அட்டையில் இருப்பது இருபது வருடத்துக்கு முந்தைய படமாக இருந்தால் இப்போதே புது அட்டை வாங்கிவிடுங்கள்.

சுற்றுலாப் பயணியாகப் போகும் இந்தியரிடம் 2022 செப்டம்பர் முதல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் வாங்குகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. நாலு பேர், பத்து நாள் என்றால் பயணச் செலவைவிட இது பெரிதாகிவிடும். அதனால் உங்கள் கணவர் தன் அலுவலகத்தில் குடும்ப வருகைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, எந்த அனுமதி, எத்தனை நாள், எங்கே தங்குவது என்று பதில் வாங்கிய பிறகே ரயில் டிக்கெட்டைத் தொடுங்கள். 'வந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆண்கள் சொல்வார்கள். பார்த்துக்கொள்வது யார் என்று நமக்குத் தெரியும்.

வழி: சென்னையிலிருந்து ரயிலில் நியூ ஜல்பைகுரி, அங்கிருந்து ஹாசிமாரா, பிறகு சாலையில் எல்லை ஊரான ஜெய்கான். தெருவைத் தாண்டினால் பூன்ட்சோலிங். அங்கிருந்து திம்பு 170 கிலோமீட்டர் சொச்சம். மலைப்பாதை, அரை நாள் வேலை. அந்தச் சாலையையே டண்டக்தான் போட்டது, 1961இல் தொடங்கிய திட்டம் அது. வளைவுக்கு வளைவு பிள்ளைகளிடம் 'அப்பா ஆபீஸ் போட்ட ரோடு' என்று காட்டுங்கள். வாந்தி கொஞ்சம் குறையும். பூன்ட்சோலிங் சமவெளியின் விளிம்பு; திம்பு 2,300 மீட்டர் உயரம். மாமியாரை ஒரே மூச்சில் ஏற்றாமல் கீழே ஓர் இரவு தங்கவையுங்கள். அவருடைய மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, தேவைக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கொண்டு போங்கள். கணவர் ஹா பள்ளத்தாக்குப் பக்கம் இருந்தால், பாரோவிலிருந்து போகும் வழியில் செலே லா கணவாய் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம். பனி பார்க்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டாலும் அங்கே நீண்ட நேரம் நிற்க வேண்டாம். போடியிலிருந்து குரங்கணி ஏறிப் பழகியவர் என்று அவர் வாதாடுவார். குரங்கணி மலையும் இமயமலையும் ஒன்றல்ல என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் ரூபாய் அங்கே செல்லும், மதிப்பும் ஒன்றே. கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். மே கடைசியில் மழை தொடங்கினால் மண் சரியும். அப்போது உங்கள் கணவருக்கு லீவு கிடையாது, சாலையைத் திறக்கப் போய்விடுவார். மே முதல் வாரமே கிளம்புங்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு 38 வயது. சிரியாவில் இருக்கும் அமெரிக்க ராணுவ டாக்டர் ஒருவர் இணையத்தில் பழக்கம். திருமணம் பேசியிருக்கிறார். அவர் லீவு எடுத்து கோவை வர, குடும்பத்தார் விண்ணப்பித்து 85,000 ரூபாய் லீவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். அல்லது அக்கா அங்கே போய்ப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்கலாமாம், அதற்கும் பணம். அக்கா நகையை விற்கத் தயாராக இருக்கிறாள்.
தங்கை, கோவை

நகைப் பெட்டிச் சாவியை உங்கள் இடுப்பில் முடிந்துகொண்டு மேலே படியுங்கள். உலகத்தில் எந்த ராணுவமும் சிப்பாயின் லீவுக்கு அவன் வீட்டாரிடம் பணம் வாங்குவதில்லை. லீவுக்கு விண்ணப்பிப்பவன் சிப்பாய், கையெழுத்துப் போடுபவர் அவன் மேலதிகாரி. காதலியிடம் படிவம் அனுப்பும் பழக்கம் எங்கும் கிடையாது. சண்டை நடக்கும் இடத்துக்குப் பார்வையாளர் சீட்டும் கிடையாது. இந்த மோசடியைப் பற்றி அமெரிக்க ராணுவத்தின் குற்றப் புலனாய்வுத் துறையே பல வருடமாக எச்சரித்து வருகிறது. அந்தப் படத்தில் இருக்கும் சீருடைக்காரர் உண்மையான ஆளாகக்கூட இருக்கலாம், அவருடைய படத்தை யாரோ திருடியிருப்பார்கள். அடுத்து 'பரிசுப் பெட்டி அனுப்பினேன், டெல்லி சுங்கத்தில் நிற்கிறது' என்று வரும். அதற்கும் ஒரு தொகை சொல்வார்கள்.

அக்காவைத் திட்டாதீர்கள். 38 வயதில் அவளை ஒருவர் தினமும் 'சாப்பிட்டாயா' என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை வீட்டில் யார் கேட்டீர்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவளே சோதித்துப் பார்க்கட்டும். முகம் தெரிய வீடியோவில் பேசச் சொல்லட்டும். அமெரிக்கப் படையின் மின்னஞ்சல் முகவரி 'டாட் மில்' என்று முடியும். அதிலிருந்து ஒரு வரி அனுப்பச் சொல்லட்டும். 'பாதுகாப்புக் காரணம்' என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது. ஏற்கெனவே பணம் போயிருந்தால் இந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பேரன் தேசிய சேவையில் இருக்கிறான். பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப் போகிறார்களாம். சிட்னியில் என் தம்பி இருக்கிறான். அங்கே போனால் பேரனைப் பார்க்கலாமா?
தாத்தா, காரைக்குடி

தம்பியைப் பாருங்கள். பேரனைப் பார்க்க முடியாது. சிங்கப்பூர் ராணுவம் 1990 முதல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் ஷோல்வாட்டர் பே பகுதியில் பெரிய பயிற்சி நடத்துகிறது. சிட்னியிலிருந்து அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்து ஊர் ராக்ஹாம்டன். பையன்கள் புதரிலும் புழுதியிலும் கிடந்துவிட்டுச் சில வாரத்தில் வீடு திரும்பிவிடுவார்கள். பயிற்சி முடிந்து அவன் சிங்கப்பூர் வந்த பிறகு நீங்கள் அங்கே போங்கள். அழுக்குத் துணி மூட்டையைப் பார்த்து மலைக்காதீர்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். அப்பா ஐ.நா. படையில் தென்சூடானில் மலகால் என்ற ஊரில் இருக்கிறார். முழு ஆண்டு லீவில் நான் போகலாமா? அப்பா போன் செய்யும்போதெல்லாம் நான் தூங்கிவிடுகிறேன்.
மாணவி, ஆம்பூர்

போக முடியாது கண்ணு. அங்கே குழந்தைகளை அழைத்துப் போக அனுமதி இல்லை. மலகால் வெள்ளை நைல் ஆற்றங்கரையில் இருக்கிறது. வரைபடத்தில் ஜூபாவைக் கண்டுபிடித்து, ஆற்றோடு வடக்கே போனால் கிடைக்கும். நம் நேரம் தென்சூடானைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணிக்குப் போன் செய்தால் ஆம்பூரில் பதினொன்றரை. நீ தூங்காமல் என்ன செய்வாய்? அங்கே மதியம் நாலரைக்கு வேலையில் இடைவெளி கிடைக்குமா என்று அப்பாவைக் கேள். நமக்கு அப்போது சரியாக இரவு எட்டு மணி. தினமும் கிடைக்காது; வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தாலும் அந்த இரண்டு நாளும் வீட்டுப்பாடத்தை ஏழரைக்கே முடித்துவிடு. போனை முதலில் உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்.